அப்பாவின் பெயரை மறைத்த தையல்சிட்டு

பாதித் தலையில் மெஷின் ஓடியபோது கரண்ட் போய், அப்படியே சலூனை விட்டு எழுந்து வந்தவன் எப்படி இருப்பான்? அப்பாவின் கல்லறைத் தலைமாட்டில் இருந்த நந்தியாவட்டைச் செடி அன்று அப்படித்தான் நின்றது. இடப்பக்கம் மொட்டை. வலப்பக்கம் காடு. வெட்டியவன் நான். அந்தக் காட்டுக்குள் கத்தரியை நுழைத்தபோது ஓர் இலை என்னைப் பார்த்து வாயைத் திறந்தது.

இலைக்கு ஏது வாய் என்று கேட்காதீர்கள். இருந்தது. ஒன்றல்ல, மூன்று. பழுத்த பப்பாளி நிறத்தில் மூன்றும் ஒன்றாகத் திறந்து, ஒன்றாக ஆடி, சோறு கேட்டன. நான் செய்த முதல் காரியம், கத்தரியை என் கால் மேலேயே போட்டது. அடுத்தது, "சேசு மரி சூசை!" என்று கத்தியது. அதற்கடுத்தது ஓட்டம். குழாயடி வரைக்கும் ஓடி, எதற்கு ஓடி வந்தோம் என்று விளங்காமல், வந்ததற்கு முகத்தையாவது கழுவுவோம் என்று கழுவிக்கொண்டு திரும்பினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். முத்தியால்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வாய் இது. எனக்கு இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல வந்தால் மட்டும், சொத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். சொத்து இல்லை என்பது தனி விஷயம்.

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்தத் திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தங்கள் ஆட்களின் கல்லறையைக் கழுவி, புல் பிடுங்கி, வெள்ளை அடித்துவிட்டு வருவார்கள். திருநாள் அன்று பூ, மாலை, மெழுகுவத்தி. சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். இறந்தவரைத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் ஒரு வத்தியைக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் ஏற்றிவிட்டுப் போவார்கள். வாழும்போது நமக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அன்றைக்குத் தலைமாட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்ற வருடங்களில் நான் முந்தின நாள் போய், ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். அந்த வருடம் அப்படி முடியாது. பிரான்ஸிலிருந்து அக்கா வருகிறாள். கல்யாணமாகிப் போனவள் அவள்; அந்த நந்தியாவட்டையை ஒரு குச்சியாக நட்டுவிட்டுப் போனவளும் அவள்தான். குச்சி புதராகி, கல்லில் பொறித்த அப்பாவின் பெயரை முழுக்க மூடிவிட்டது. போனில் அக்கா, நடுநடுவே பிரெஞ்சு கலக்கும் தன் பேச்சில், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேணாண்டா. அப்பா பேரு தெரியணும். பேருகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கினு போறேன். அலோர், செடிய வெட்டி வெச்சிடு."

அதற்காகத்தான் கத்தரியோடு போனேன். பாதி வெட்டினேன். மீதிப் பாதியில் வாய்கள்.

முகம் கழுவித் திரும்பியபோது, அங்கே ஒரு குரல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. "ட்விட் ட்விட் ட்விட் ட்விட்" என்று மூச்சே விடாத திட்டு. குரலின் பருமனை வைத்துக் குறைந்தது ஒரு காக்கை அளவுக்காவது ஆளைத் தேடினேன். கிடைத்தது என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குருவி. பச்சை முதுகு, செம்பட்டைத் தொப்பி, வெளுத்த வயிறு. வால் மட்டும் செங்குத்தாக மேலே நின்றது. கத்தும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு தெரிந்து தெரிந்து மறைந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. வாயில் புழுவை வைத்துக்கொண்டே அவ்வளவு சத்தம். வாயில் வெற்றிலை இருந்தால் எனக்கு வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்ல வராது.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானதுதான். கடைக்குப் பின்னால் இருக்கும் எலுமிச்சை மரத்தில் வருடக்கணக்காகக் கேட்டு, ஏதோ பெரிய பறவை என்று நினைத்திருக்கிறேன். தையல்சிட்டு. கதிர்க்குருவிகளின் சாயலில் இருக்கும் சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் மொத்தமே கொஞ்சம் வகைகள்தான், எல்லாம் ஆசியாவின் இந்தப் பக்கத்திலேயே இருப்பவை என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்குப் படிக்க நேரம் இல்லை. பார்க்க மட்டும்தான் நேரம் இருந்தது.

எதைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். நந்தியாவட்டையின் மூன்று இலைகளைக் கிண்ணம்போலச் சேர்த்து வைத்திருந்தது. சேர்த்து என்றால் ஒட்டி அல்ல, தைத்து. இலையின் ஓரத்தில் அலகு நுனியால் ஒரு துளை. அடுத்த இலையில் அதற்கு நேராக இன்னொரு துளை. இரண்டிலும் நூலை நுழைத்து, வெளிப்பக்கம் நுனியைப் பஞ்சாக உதிர்த்துவிட்டிருந்தது. உதிர்ந்த பஞ்சு உப்பிக்கொண்டு துளைக்குள் திரும்பிப் போகாது. முடிச்சு வேண்டாத தையல்! சில இடங்களில் சிலந்தி நூல். சில இடங்களில் வெள்ளை நூல், ஒரே ஓர் இடத்தில் ரோஸ் நிற நூல். அந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று சுற்றிலும் பார்த்தேன். நாலு கல்லறை தள்ளி ஒரு காய்ந்த மாலை கிடந்தது. யாருக்கோ கடைசியாகப் போட்ட மாலையைப் பிரித்து, தன் பிள்ளைகளுக்கு வீடு தைத்திருக்கிறது. உயிரோடிருக்கும் இலையில், அது வாடாதபடி, காற்றில் ஆடும்போது கிழியாதபடி.

வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அங்கே பிளந்திருந்த வாய்கள் இப்போது நான்கு.

பிறகு பயம் வந்தது. இடப்பக்கக் கிளைகளை நான் வெட்டித் தள்ளியதில் கூட்டின் மேல் இருந்த நிழல் போய்விட்டது. வெயில் நேராக அந்த இலைக் கிண்ணத்தில் விழுந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கவில்லை. தோலும் கண்ணுமாக இருந்தன. வெந்துவிடும். இல்லாவிட்டால் தாய் பயந்துபோய் வராமலே இருந்துவிடும். கடைக்கு வந்து, பிரஷர் மெஷினைக் கையில் சுற்றிப் பார்த்தேன். அது காட்டியதை இங்கே எழுதினால் படிப்பவர்களுக்கு ஏறும்.

வெட்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது. ஆனால் தைக்கலாமே! ஒரு குருவி தைக்கிறது. ஆறடி மனுஷன், பி.பார்ம் படித்தவன், தைக்க மாட்டேனா? மறுநாள் காலையில் மனைவியின் தையல் டப்பாவிலிருந்து ஊசி நூலை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து நல்ல இலைகளாகப் பொறுக்கினேன். அவற்றை ஒன்றோடொன்று தைத்துப் பந்தல் மாதிரி கூட்டுக்கு மேலே கட்டிவிடுவது திட்டம்.

முதல் இலை, ஊசி குத்தியதும் நரம்போடு கிழிந்தது. அடுத்ததில் நூலை இழுத்ததும் கிழிந்தது. அதற்கடுத்தது கிழியவில்லை, என் விரலோடு சேர்த்துத் தைத்திருந்தேன். நந்தியாவட்டையின் பால் வடிந்து ஊசி வழுக்கியது, பிறகு ஒட்டியது, பிறகு நான் ஒட்டினேன். ஒரு வழியாக நான்கைந்து இலைகளை இணைத்துத் தூக்கிப் பார்த்தால், நாய் கடித்துப் போட்ட தோரணம் மாதிரி தொங்கியது. அதைக் கூட்டின் மேலே கட்டினேன். அந்தக் குருவி பக்கத்துச் சிலுவையின் மேல் உட்கார்ந்து என் வேலையைத் தலை சாய்த்துப் பார்த்தது. கத்தக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது என் பந்தல் சுருண்டு, கருகி, உதிர்ந்து கிடந்தது. குருவியின் இலைகள் மூன்றும் பசுமை மாறாமல் இருந்தன. உள்ளே வாய்கள் திறந்தன. தாயும் தகப்பனும் மாறி மாறி வந்தார்கள். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வரும்போது அலகில் புழு. போகும்போது அலகில் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டலம். குஞ்சுகளின் எச்சத்தைப் பொட்டலமாகவே தூக்கிக்கொண்டுபோய்த் தூரத்தில் போடுகின்றன. வீடு அப்படிப் பளபளவென்று இருந்தது. தகப்பன் குருவியும் அதே வேலையைச் செய்ததைப் பார்த்தேன். அதை வீட்டில் சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆனால் வீட்டில் ஊசி காட்டிக் கொடுத்துவிட்டது.

"இன்னாங்க இது, ஊசியெல்லாம் பிசுபிசுன்னு?" என்றாள் மனைவி. "செடி வெட்டப் போன ஆளு எதுக்கு ஊசி எடுத்துக்கினு போனாரு?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

"இருவது வருஷமா ஒரு சட்ட பட்டன் தெச்சதில்ல. எலைக்குத் தெக்கப் போனீங்களா?"

"யாருகிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா ஊரே பாக்க வந்துடும். அதுங்க பயந்துடும்."

"அதுங்க பயப்படுதோ இல்லியோ," என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய், கம்பி ஒன்று உடைந்த ஒரு பழைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நெழலு வேணும்னா கொட இருக்குது. இதுக்குக்கூட படிச்சிருக்கணுமா?"

அன்றிலிருந்து நான் தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மதியம் கடையை மூடிவிட்டு ஸ்கூட்டரில் போய், வெயில் சாயும்வரை குடையைச் செடியில் கட்டி வைப்பேன். ஒருநாள் நான் போய்ச் சேர்ந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. காற்றில் குடை நிற்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு செடியின் மேல் சாய்த்தபடி நின்றேன். சட்டையெல்லாம் தொப்பல். மழை விட்டதும் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மேல் இலை கூரையாகக் கவிந்திருக்க, உள்ளே பஞ்சுமெத்தை காய்ந்து கிடந்தது. குடை பிடிக்காத பக்கமும் அப்படித்தான். மொத்தத்தில் அன்று நனைந்தது நான் மட்டும்தான்.

இதைப் பார்த்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். பக்கத்துக் கல்லறை அவருடைய கணவருடையது. அக்காவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வருடத்துக்கு ஒருமுறை வணக்கம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு. அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்பா நனையக் கூடாதுன்னு கொட புடிக்கிறீங்களே தம்பி. இந்தக் காலத்துல யாரு இருக்காங்க இப்டி?"

குருவி என்று சொன்னால் ஊர் திரளும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்னும் மோசமாகப் போனது; அந்த அடக்கத்தையும் சேர்த்து அவர் போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பிரான்ஸிலிருந்து அழுகை வந்தது.

"தம்பி, ஒன்ன நான் தப்பா நெனச்சிட்டேண்டா. நீ எதையும் சீரியஸா எடுக்காதவன்னு நெனச்சேன்."

மனைவி வாயில் துணியை அடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அக்கா வந்து சேர்ந்தாள். வந்த அன்றே கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள். மழை என்றேன். மறுநாள், கடையில் சரக்கு வருகிறது என்றேன். அதற்கு மறுநாள், எனக்கே ஜுரம் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜில்லுனு இருக்குதே?" என்றாள். இதற்குள் குஞ்சுகளுக்கு இறகு வந்துவிட்டது. மூன்றும் கூட்டில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் பறந்துவிடும், செடியை வெட்டிவிடலாம், பெயர் தெரியும், அக்காவுக்குப் போட்டோ என்று கணக்குப் போட்டிருந்தேன். குஞ்சுகள் அந்தக் கணக்கில் சேர மறுத்தன. திருநாள் வந்துவிட்டது.

சாயங்காலம் குடும்பமாகப் போனோம். கல்லறைத் தோட்டம் முழுக்க சாமந்தி வாசனை, மெழுகு வாசனை, ஜனம். அப்பாவின் கல்லறையைக் கழுவி வெள்ளை அடித்திருந்தேன், தலைமாட்டைத் தவிர. தலைமாட்டில் அந்தப் பாதி மொட்டைச் செடி. கல்லில் பெயர் இருக்கும் இடத்தில், வெட்டாத வலப்பக்கத்தின் பச்சை இலை.

அக்கா நின்றாள். செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெனம் தெனம் வந்தியாமே? வந்து இன்னாடா பண்ண? அப்பா பேரு எங்கடா?"

"இருக்குதுக்கா. உள்ள இருக்குது."

"உள்ள இருக்குதா? ஒரே ஒரு வேல சொன்னேன். அதையும் பாதியில விட்டுட்டு, கொட புடிச்சி சீன் காட்டினியா?" கையை நீட்டினாள். "கத்தரி குடு. நானே வெட்டறேன்."

கத்தரி என்னிடம் இல்லை. ஆனால் அவளுக்குக் கை இருந்தது. வலப்பக்கக் கிளையைப் பிடித்து ஒதுக்கப் போனாள். நான் "வேணாங்கா!" என்று கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் பூத்தட்டு உருண்டது. அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் எங்கள் இரண்டு தலைகளுக்கும் நடுவே, கையெட்டும் தூரத்தில், குருவி வந்து உட்கார்ந்தது. அலகில் புழு. வாலைத் தூக்கிக்கொண்டு, "ட்விட் ட்விட் ட்விட்" என்று எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டியது. திட்டிவிட்டு, அத்தனை ஜனத்துக்கும் நடுவில், தன் பாட்டுக்கு இலைக்குள் தலையை விட்டுப் புழுவைக் கொடுத்தது.

அக்கா கிளையைப் பிடித்த கையை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. மெல்லக் குனிந்து பார்த்தாள்.

"மோன் தியே," என்று மூச்சுக்குள் பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டாள். "தெச்சிருக்குதுடா!"

"ஆமாங்கா."

"நூலு எங்கேர்ந்து?"

"மாலைலேர்ந்து உருவிக்கினு வந்திருக்குது."

எங்கள் அப்பா மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவர். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால், நிறுத்தாமல் இரண்டு நுனியையும் பிடித்து விரலால் ஒரு திருகு திருகி ஒட்டிவிடுவது அவர் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு இருக்கும். அக்கா கூட்டின் ஓரத்தில் உப்பியிருந்த பஞ்சைத் தொடப்போய், தொடாமல் விரலை மடக்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஆபத்து நிஜமாகவே வந்தது, கையில் மெழுகுவத்தியோடு. அப்பாவின் மில் கூட்டாளிகள் இரண்டு மூன்று பெரியவர்கள், வேட்டி சட்டையில், மரியாதையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் குனிந்தார். வத்தியை ஊன்றப்போன இடம் கூட்டுக்கு நேர் கீழே. ஒரு வத்தி என்றால் ஊதிவிடலாம். எங்கள் அப்பாவுக்கு முத்தியால்பேட்டையில் பாதி சினேகிதம், பக்கத்தில் இருக்கும் சாரம் பகுதியில் மீதி. இருட்டுவதற்குள் அந்தத் தலைமாடு அடுப்பாகிவிடும். மனைவி என் முதுகில் கிள்ளினாள், "சொல்லுங்க" என்று. நான் சொன்னது "அ... அ..." வரைக்கும்தான்.

"மாமா, தலமாட்டுல வேணாம்," என்றாள் அக்கா. "கால்மாட்டுல ஏத்துங்க."

பெரியவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா சொல்ற? தலமாட்டுலதான வெப்பாங்க?"

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"பிரான்ஸ்ல இப்பல்லாம் கால்மாட்டுலதான் மாமா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பொய் சொல்வது என் இலாகா என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"அப்டியா?" என்றார் பெரியவர். "பிரான்ஸ்லயா?" பின்னால் இருந்தவரிடம் திரும்பி, "கேட்டுக்கினியா? அங்க கால்மாட்டுலயாம்" என்று சொல்லிவிட்டு, பயபக்தியோடு போய் அப்பாவின் கால்மாட்டில் ஏற்றினார். அடுத்தவரும் அங்கேயே. அக்கா தலைமாட்டில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காவலுக்கு நின்றுவிட்டாள். வருகிறவர்களையெல்லாம் கையைக் காட்டி அந்தப் பக்கம் அனுப்பினாள். சாமியார் வந்தார். தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியதும், நான் குடையை விரித்துச் செடிக்கு மேல் பிடித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்; தீர்த்தத்துக்குக் குடை பிடித்த கிறிஸ்தவனை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். பக்கத்துக் கல்லறை அம்மா அவரிடம், "அப்பா மேல உயிரு, சாமி" என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

பொழுது சாய்ந்ததும் தாய்க்குருவி கடைசியாக ஒருமுறை வந்து, இலைக்குள் அடங்கியது. காலடியில் அத்தனை வெளிச்சம், அத்தனை ஜெபம், அத்தனை அழுகை. ஒரு விரல் நீளத்து உடம்பில் அவ்வளவு தைரியத்தை எங்கே வைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதில் பத்தில் ஒரு பங்கு எனக்கு இருந்திருந்தால், ஒருமுறை ஆஸ்பத்திரியில், ஊசியே போடாத நர்ஸைப் பார்த்து மயங்கி விழுந்திருக்க மாட்டேன்.

அக்கா திரும்பிப் போவதற்கு முன்னால் இன்னொரு காலையில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். கத்தரியை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நடந்தோம். குஞ்சுகளில் இரண்டு ஏற்கெனவே வெளியே வந்து, வாலே முளைக்காத பஞ்சுருண்டைகளாகப் பக்கத்துச் சிலுவையின் கையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. கடைசிக் குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்றது. எட்டிப் பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி எட்டிப் பார்த்தது.

"டேய், இது ஒன்ன மாதிரியே இருக்குதுடா," என்றாள் அக்கா.

தாய் எதிர்க்கிளையில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குஞ்சு கண்ணை மூடிக்கொண்டு, அதாவது நானாக இருந்தால் மூடியிருப்பேன், குதித்தது. விழுந்தது போலத்தான் இருந்தது. விழவில்லை. அப்பாவின் கல்லின் மேல் விளிம்பில் போய் நகத்தால் தொற்றிக்கொண்டு நின்றது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சை விட்ட சத்தத்தில் அது இன்னொரு தடவை பறந்தேவிட்டது.

அதன் பிறகு கத்தரியை எடுத்து வந்து வலப்பக்கத்தையும் வெட்டினேன். அப்பாவின் பெயர் எழுத்தெழுத்தாக வெளியே வந்தது. தைத்த மூன்று இலைகள் இருந்த குச்சியை மட்டும் அக்கா வெட்ட விடவில்லை. அது பெயரின் கடைசி எழுத்தை இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருந்தது. அவள் அதன் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடத் திருநாளுக்கு அக்கா வர முடியவில்லை. நானும் மனைவியும் போனோம். குருவி அந்த வருடம் எங்கள் செடியில் கட்டவில்லை. எங்கேயோ பின்வரிசையில் இருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வத்தியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அப்பாவின் தலைமாட்டில் குனிந்தேன். பக்கத்துக் கல்லறை அம்மா அவசரமாக என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அங்க இல்ல. கால்மாட்டுல."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த வரிசை முழுக்க, கடைசிச் சுவர் வரைக்கும், எல்லோருடைய கால்மாட்டிலும் வத்தி எரிந்துகொண்டிருந்தது. தலைமாட்டுச் செடிகள் அத்தனையும் சூடுபடாமல் இருட்டில் நின்றன.